ஆய்வுக்குக் காசு கொடுத்தது யார் என்று கேட்டால் தப்பா?

செவக்காட்டான்

ரொம்ப நாளாக மனதில் உறுத்துகிற ஒரு விஷயம். இங்கே வாத்தியார்கள், விவசாயம் பார்ப்பவர்கள், கணக்கு தெரிந்தவர்கள் எல்லாரும் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

எங்கள் ஊர் ராதாபுரம் பக்கம். செவக்காடு, வானம் பார்த்த பூமி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வைகாசியில் நுழைகிற காற்று புரட்டாசி வரைக்கும் ஓயாது. அந்தக் காற்றைத் தேடித்தான் மின்சாரம் எடுக்கும் காத்தாடிக் கம்பெனிகள் வந்தன. 2008-ல் எங்கள் விளைக்கு (தோட்டத்துக்கு) அடுத்த விளையில் ஒன்று நின்றது. கிரேன் வருவதற்காக நடுவில் இருந்த ஓடையை மண் கொட்டி மேடாக்கி ரோடு போட்டார்கள். அஸ்திவாரம் முடிந்து, தூண் நிமிர்ந்து, இறக்கை மாட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தபோது ஊர்ச் சாவடியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். "கார்பன் வரவுக்காக மக்கள் கருத்து கேட்கிறோம்" என்றார்கள். ஆளுக்கொரு புளியோதரைப் பொட்டலம், ஒரு வாழைப்பழம், பதிவேட்டில் கையெழுத்து. அப்பா எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஓடையில குழாய்ப் பாலம் எப்போ போடுவீங்க?" குறித்துக்கொண்டோம் ஐயா என்றார்கள். இன்றுவரை பாலம் வரவில்லை.

அந்தக் கூட்டம் எதற்கு என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. க்யோட்டோ ஒப்பந்தத்தின் கீழ், நம் நாட்டில் ஒரு திட்டம் கரியமில வாயுவைக் குறைத்தால் அதைப் பணக்கார நாடுகள் காசு கொடுத்து வாங்கித் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அப்போது இருந்தது. ஒரு நிபந்தனையும் இருந்தது: இந்தப் பணம் இல்லாவிட்டால் திட்டமே வந்திருக்காது என்று காட்ட வேண்டும். தூணே நின்ற பிறகு எங்களிடம் எதைக் கேட்டார்கள்?

அன்றிலிருந்து பருவநிலை என்று யார் பேசினாலும் எனக்கு அந்தப் பொட்டலம்தான் ஞாபகம் வருகிறது. விஞ்ஞானிக்கும் சம்பளம் வேண்டும், திட்டப் பணம் வேண்டும். கொடுப்பவனுக்குப் பிடித்த பதில்தானே வரும்? இப்படி நினைப்பது தப்பா, சொல்லுங்கள்.


வள்ளியூர் பேரேடு

தப்பே இல்லை தம்பி. 25 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். காத்தாடி வைத்திருந்த நூற்பாலைகளின் கணக்கும் என் மேசைக்கு வந்திருக்கிறது.

காத்தாடி வாங்கினால் முதல் வருஷமே அதன் விலையில் 80 சதவீதத்தைத் தேய்மானம் என்று லாபத்தில் கழித்து வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று வருமான வரியில் சலுகை இருந்தது. 1990-களில் முழு நூறும் கழிக்கலாம். ஒரு சொத்து அந்த நிதியாண்டில் 180 நாள் பயன்பாட்டில் இருந்தால் முழுத் தேய்மானம், குறைந்தால் பாதி. அதனால் செப்டம்பர் 30-க்குள் இணைப்பு கொடுத்தாக வேண்டும் என்று ராத்திரி பகலாக வேலை நடக்கும். அதைத் தவறவிட்டால் அடுத்த ஓட்டம் மார்ச் 31-க்கு. ஆடிக் காற்றின் வேகம் போய் சீசன் முடியப்போகிற புரட்டாசியில் ஒரு காத்தாடியை அவசர அவசரமாக இணைப்பது எதற்கு? மின்சாரத்துக்காக இல்லை. சலுகை போட்ட காசுக்குத்தான், ஓடின யூனிட்டுக்கு இல்லை. யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகை என்று ஒன்று 2009-ல்தான் வந்தது.

2012 ஏப்ரலில் அந்த வரிச் சலுகையை நிறுத்தினார்கள். 2011-12-ல் நாடு முழுக்கச் சுமார் 3,200 மெகாவாட் நிறுவியிருந்தவர்கள் அடுத்த வருஷம் சுமார் 1,700-க்கு இறங்கிவிட்டார்கள். காற்று அதே காற்றுதான். 2014-ல் சலுகையைத் திரும்பக் கொண்டுவந்து, 2017-ல் 40 சதவீதமாக்கினார்கள்.

நீங்கள் கேட்ட கார்பன் வரவுக்கும் ஆதாரம் இருக்கிறது. இந்தியக் காற்றாலைகளை எடுத்து 2021-ல் ஓர் ஆய்வு வந்தது. அங்கீகாரம் பெற்ற வரவுகளில் குறைந்தது 52 சதவீதம், எப்படியும் கட்டப்பட்டிருக்கக்கூடிய ஆலைகளுக்குப் போயிருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாதிக்கு மேல். நம் காத்தாடிக் கணக்கைக் காட்டி எங்கோ ஒரு நிலக்கரி உலை கூடுதலாகப் புகைவிட அனுமதி வாங்கியிருக்கிறது.

குளிர்பதன வாயு கதை இன்னும் மோசம். அதைத் தயாரிக்கும்போது எச்.எப்.சி-23 என்ற கழிவு வாயு வரும். கரியமில வாயுவைவிட 11,700 மடங்கு சூடேற்றும் என்று அந்தத் திட்டத்தில் கணக்கு வைத்தார்கள். அதை எரித்தால் வரவு. எரிக்கிற செலவைவிட வரவு பல மடங்கு. அப்படியென்றால் எரிப்பதற்காகவே கழிவை உண்டாக்க ஆசை வருமா, வராதா? 2013-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த வரவை ஏற்க மாட்டோம் என்று கதவைச் சாத்தியது.

அதனால் காசு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள்.


பாளை இயற்பியல்

பேரேடு சார் சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் செவக்காட்டார் கேட்டதில் இரண்டு விஷயம் பின்னிக்கிடக்கிறது. காத்தாடிக்கு யார் எப்படிக் காசு வாங்கினார்கள் என்பது ஒன்று. காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி சூடாகுமா என்பது வேறு. முதலாவதில் நடந்த தில்லுமுல்லைக் காட்டி இரண்டாவதைத் தள்ள முடியாது.

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன் நான். ஸ்வீடன் நாட்டு அர்ரீனியஸ் 1896-ல் பேனாவும் தாளும் வைத்து இந்தக் கணக்கைப் போட்டார். அப்போது பருவநிலைத் துறையும் கிடையாது, திட்டப் பணமும் கிடையாது. ஹவாய்த் தீவில் 1958-லிருந்து காற்றை அளந்த கீலிங்குக்குப் பணம் கொட்டவில்லை, தட்டுப்பாடுதான். 1964-ல் நிதி வெட்டால் அந்த அளவீடு சில மாதம் நின்றேபோனது. வரைபடத்தில் அந்த இடைவெளியை இன்றும் பார்க்கலாம். தொடங்கும்போது பத்து லட்சத்துக்கு 315 பங்கு இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

காசு கொடுத்தவனுக்குப் பிடித்த பதில்தான் வரும் என்கிறீர்கள். அப்படியானால் இந்த ஒன்றைப் பாருங்கள். ரிச்சர்டு முல்லர் என்று அமெரிக்காவில் ஓர் இயற்பியலாளர். வெப்பநிலைப் பதிவுகளில் கோளாறு இருக்கிறது என்று வெளிப்படையாகச் சந்தேகப்பட்டவர். எல்லாத் தரவையும் முதலிலிருந்து எடுத்துக் கணக்கிடக் குழு அமைத்தார். அதற்கு நிதி தந்தவர்களில் எண்ணெய்த் தொழிலில் சம்பாதித்த கோக் குடும்பத்தின் அறக்கட்டளையும் உண்டு. அவர்கள் எந்தப் பதிலை விரும்பியிருப்பார்கள்? 2012-ல் முல்லர், பூமி சூடானது உண்மை, காரணம் ஏறக்குறைய முழுக்க மனிதர்கள்தான் என்று பத்திரிகையில் எழுதிவிட்டார்.

எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் உள் விஞ்ஞானிகள் 1970-களின் கடைசியிலிருந்தே கணித்தது, பத்தாண்டுக்குச் சுமார் 0.2 டிகிரி கூடும் என்று. 2023-ல் அந்தப் பழைய கணிப்புகளை எடுத்துப் பார்த்தபோது பெரும்பாலானவை சரியாக இருந்தன. நிறுவனம் வெளியே பேசியதுதான் வேறு. தெர்மாமீட்டருக்குச் சம்பளம் யார் கொடுத்தாலும் அது காட்டுகிறதைத்தான் காட்டும்.


வள்ளியூர் பேரேடு

ஐயா, தெர்மாமீட்டர் சரி. அறிக்கை எழுதுவது மனிதன்தானே? இமயமலைப் பனிப்பாறைகள் 2035-க்குள் மறைந்துவிடும் என்று ஐ.நா. பருவநிலைக் குழுவின் 2007 அறிக்கையில் அச்சடித்தார்களே?


பாளை இயற்பியல்

அச்சடித்தார்கள், அது பெரிய பிழை. ஆய்வாளர்கள் சரிபார்க்காத ஒரு தொண்டு நிறுவன அறிக்கையிலிருந்து எடுத்தது. நம் நாட்டு நிலவியலாளர் வி.கே. ரைனா பனிப்பாறைகள் அப்படி வேகமாக உருகவில்லை என்று 2009-ல் எழுதியபோது குழுவின் தலைவராக இருந்த பச்சௌரி மாந்திரீக அறிவியல் என்று அதை உதறித் தள்ளினார். அது அகம்பாவம், அதை நான் மூடி மறைக்க மாட்டேன். 2010 ஜனவரியில் குழு வருத்தம் தெரிவித்தது. அந்த எண் நிற்காது என்று சொன்னவர்களும் பனிப்பாறை ஆய்வாளர்கள்தான்.

இன்னொன்று. அந்த அறிக்கைகளை எழுதும் விஞ்ஞானிகளுக்கு அந்த வேலைக்கென்று குழு சம்பளம் தருவதில்லை.


அம்பை நெல்லு

பெரியவர்கள் பேசுகிற இடத்தில் நுழைகிறேன். நான் விஞ்ஞானி இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஆய்வுத் திட்டங்களுக்கு வயல் உதவியாளாகப் போகிறேன். சதுர மீட்டர் சட்டத்தை வயலில் வைத்துத் தூர் எண்ணுவது, மண் எடுத்துப் பையில் கட்டிச் சீட்டு எழுதுவது, காலையில் மழைமானி பார்ப்பது, இதுதான் என் வேலை. காசு ஆய்வை வளைப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரி இல்லை. யாரும் வந்து இந்த எண்ணை மாற்று என்று சொன்னதில்லை. எதை எண்ண வேண்டும் என்பதிலேயே வளைவு வந்துவிடுகிறது.

நான் வேலை பார்த்த ஒருவர் (பெயர் வேண்டாம், நல்ல மனிதர்) கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் குளத்து வண்டலை வயலுக்கு அடித்தால் பத்து வருஷத்தில் மண் என்ன ஆகிறது என்று பார்க்க ஆசைப்பட்டார். இரண்டு தடவை எழுதினார், இரண்டு தடவையும் திரும்பி வந்தது. மூன்றாம் தடவை தலைப்பில் "பருவநிலையைத் தாங்கும் வேளாண்மை" என்று சேர்த்து, கைப்பேசிச் செயலி ஒன்று செய்வோம் என்றும் எழுதினார். கிடைத்துவிட்டது, மூன்று வருஷத்துக்கு. முதல் வருஷம் ஆள் எடுப்பதிலேயே போனது. மூன்றாம் வருஷம் முழுக்கச் செயலியை விவசாயிகளுக்குக் காட்டிப் படம் எடுத்து அறிக்கை எழுதுவதில் போனது. வண்டலுக்கு நடுவில் ஒரு பிசான நெல் பருவமும் ஒரு கார் நெல் பருவமும்தான் கிடைத்தது. நாங்கள் அடித்த சிவப்பு பெயின்ட் முளைகள் இன்னும் அந்த வரப்பில் நிற்கின்றன. போகும்போதெல்லாம் பார்ப்பேன். பத்து வருஷம் அளக்க வேண்டிய வயல் அது.

அவர் பொய் எழுதவில்லை. ஒரு எண்ணைக்கூடத் திருத்தவில்லை. ஆனால் நமக்குத் தெரிய வேண்டியது தெரியாமலே போய்விட்டது.

இதே அம்பாசமுத்திரத்தில் 1937-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாம் அம்பை 16 என்கிற நெல் அங்கே உருவாகி 1986-ல் வந்தது. இட்லிக்கு இன்றைக்கும் அந்த அரிசியைத் தேடி வாங்குகிறோம். விவசாயி விதையை எடுத்து வைத்து அடுத்த போகத்துக்கு விதைக்கலாம். இப்படி ஒரு ரகத்தை எந்த விதைக் கம்பெனி காசு போட்டுச் செய்யும்? வருஷா வருஷம் விதை விற்கிற ரகத்துக்குத்தான் போடும். அதனால் அரசாங்கப் பணம் என்றாலே கெட்டது என்பதையும் நான் ஏற்க மாட்டேன்.

மழைமானி பற்றியும் சொல்ல வேண்டும். காலை எட்டரைக்கு அளக்க வேண்டும், மழை பெய்யாத நாளிலும் பூஜ்யம் என்று எழுத வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது அளவுக் குவளையில் ஊற்றி ஊற்றி என் கை மரத்துப்போனது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று நமக்குத் தெரிவது அங்கே ஒரு மானி இருந்ததால்தான். ஆனால் அந்த வேலைக்குத் திட்டப் பணம் கேட்டுப் பாருங்கள். இதில் புதுசு என்ன என்று கேட்பார்கள்.


இடிந்தகரை அலை

செவக்காட்டான் அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யார் காசு என்ற கேள்வி எங்கள் மேல் வீசப்பட்ட கல்.

2011, 2012-ல் கூடங்குளம் அணு உலையைப் பற்றி நாங்கள் கேட்டது நேரான கேள்விகள். உலை சூட்டுத் தண்ணீரைக் கடலில் விட்டால் மீன் என்ன ஆகும், விபத்து வந்தால் இத்தனை ஊரையும் எந்த ரோட்டில் வெளியே கொண்டுபோவீர்கள், எரிந்த யுரேனியத்தை எங்கே வைப்பீர்கள். 2012 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் ஓர் அமெரிக்க அறிவியல் இதழுக்குப் பேட்டி கொடுத்தபோது, இந்தப் போராட்டத்துக்குப் பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன என்று சொல்லிவிட்டார். அதோடு பேச்சே மாறிப்போனது. பஸ்ஸில், மார்க்கெட்டில், எங்கே போனாலும் "உங்களுக்கு எவ்வளவு வந்தது?" என்றுதான் கேட்டார்கள். என் அம்மா வாரத்தில் ஒரு நாள் மீன்பாட்டில் வந்த காசைப் போராட்டப் பந்தல் செலவுக்குக் கொடுத்தவள். அந்தக் கேள்வியைக் கேட்டு அவள் அழுததை நான் பார்த்தேன்.

அதே நேரம், உலை பத்திரமானது என்று சொல்ல வந்த நிபுணர்களை நாங்களும் அதைத்தான் கேட்டோம். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் வேறு என்ன சொல்வார் என்றோம். அவர்கள் கொண்டுவந்த தாளை எங்களில் எத்தனை பேர் படித்தோம்? நான் படிக்கவில்லை. 2013-ல் முதல் உலை மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது. யாருடைய காசு என்று இரண்டு பக்கமும் கத்தினதில் மீனைப் பற்றிய கேள்வி நடுவில் கிடந்தது.

காசைக் கேளுங்கள் அண்ணே. கேட்டுவிட்டு அவர்கள் சொன்னதையும் படியுங்கள்.


அபிஷேகப்பட்டி ஆய்வு மாணவி

அம்பை அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. மூன்று வருஷமாக ஆய்வு செய்கிறேன். "மாற்றம் எதுவும் தெரியவில்லை" என்று வந்த முடிவை வெளியிட இதழ் தேடி அலைகிறேன். மாற்றம் தெரிந்த சின்ன முடிவு ஒன்று ஒரே மாதத்தில் அச்சாகிவிட்டது. என் உதவித்தொகையை நீட்டிக்க வெளியான கட்டுரைகளை எண்ணுகிறார்கள். அடுத்த சோதனையை எப்படி அமைக்கலாம் என்று யோசிக்கும்போதே எது அச்சாகும் என்ற நினைப்பு முன்னால் வந்து நிற்கிறது. அது எனக்குப் பயமாக இருக்கிறது.


பாளை இயற்பியல்

அம்மா, நீங்கள் சொன்ன பயத்துக்கு ஒரு வைத்தியம் இருக்கிறது, வேலை செய்ததற்குச் சான்றும் இருக்கிறது. இதய நோய்க்கு அமெரிக்க அரசு நிதி கொடுத்த பெரிய சோதனைகளை 2015-ல் இருவர் எடுத்துப் பார்த்தார்கள். 2000-க்கு முன்னால் நடந்த 30 சோதனைகளில் 17-ல் மருந்து பலன் தந்தது என்று முடிவு. அதற்குப் பிறகு, எதை அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே பொதுவில் பதிவு செய்வது கட்டாயமானது. அப்புறம் நடந்த 25 சோதனைகளில் இரண்டே இரண்டில்தான் பலன். காசு கொடுத்தது அதே அரசாங்கம்தான். கேள்வியை முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டவுடன், பிறகு வசதியான பதிலைப் பொறுக்கி எடுக்க முடியாமல் போய்விட்டது.

அப்படிக் கட்டாயம் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கும் ஓர் உதாரணம். 1967-ல் ஹார்வர்டு ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் இதய நோய்க்குச் சர்க்கரையை விட்டுவிட்டுக் கொழுப்பின் மேல் பழி போட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். சர்க்கரை ஆலைகளின் சங்கம் அதற்குப் பணம் கொடுத்திருந்தது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. 2016-ல்தான் பழைய கடிதங்களிலிருந்து வெளியே வந்தது. யார் காசு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? செவக்காட்டாரே, உங்கள் சந்தேகத்தை விடச் சொல்லவில்லை. கையில் பிடித்துக்கொண்டு ஆவணம்வரை போங்கள் என்கிறேன்.

பேரேடு சார், அந்த 52 சதவீதக் கணக்கைப் போட்டவர்களும் பல்கலைக்கழகச் சம்பளத்தில் இருக்கும் ஆய்வாளர்கள்தான். பருவநிலை மாற்றம் உண்மை என்று ஏற்றுக்கொண்டவர்கள். அதனால்தான் வரவில் ஓட்டை இருப்பது அவர்களுக்குச் சுட்டது.


வள்ளியூர் பேரேடு

அது சரிதான் ஐயா. நான் அப்படி யோசிக்கவில்லை. எதையும் நம்பாதீர்கள் என்று மேலே எழுதினேன், அது கூடிப்போன வார்த்தை. ஆனால் கொள்கை என்று வரும்போது என் சந்தேகம் அப்படியேதான் இருக்கிறது. வெப்பம் கூடுகிறது என்பதை ஏற்றுக்கொண்டாலும், அதற்கு மருந்து என்று விற்பவன் கணக்கை நான் வரி வரியாகத்தான் பார்ப்பேன்.

தம்பி செவக்காட்டான், அந்தக் கார்பன் திட்டங்களின் ஆவணங்கள் ஐ.நா. தளத்தில் பொதுவில் இருக்கின்றன. உங்கள் ஊர்க் காத்தாடி எந்தத் திட்டத்தில் வருகிறது என்று தேடிப் பாருங்கள். மக்கள் கருத்துக் கூட்டத்துக்கென்று தனிப் பகுதி இருக்கும். அதையும் வேலை தொடங்கிய தேதியையும் பாருங்கள். முடிவெடுக்கும்போதே கார்பன் வரவு மனதில் இருந்தது என்று ஆதாரம் காட்டினால் கூட்டம் பிறகு நடந்திருந்தாலும் விதிப்படி தள்ளிவிட முடியாது. அதையும் தெரிந்துகொண்டு படியுங்கள்.


செவக்காட்டான்

நாலு நாள் தேடினேன். கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை கல்லூரியில் படிக்கிறாள், அவள்தான் உட்கார்ந்து தமிழில் சொன்னாள்.

பேரேடு அண்ணாச்சி சொன்ன மாதிரியே, காத்தாடிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே இயக்குநர் கூட்டத்தில் கார்பன் வரவைப் பற்றிப் பேசியதாக ஒரு தீர்மானம் இருக்கிறது. விதிப்படி அவர்கள் பக்கம் சரியாக இருக்கலாம், அதில் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

மக்கள் கருத்து என்று அரைப் பக்கம். எங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது. உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டார்கள், கிடைக்கும் என்று விளக்கினோம். சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்று விளக்கினோம். எதிர்ப்பு எதுவும் வரவில்லை. அவ்வளவுதான்.

ஓடை இல்லை. அப்பா கேட்டது இல்லை. மூன்று தடவை படிக்கச் சொன்னேன்.

அப்பா 2019-ல் தவறிவிட்டார். 2023 டிசம்பரில் அந்த ஓடைத் தண்ணீர் கிரேன் ரோட்டில் முட்டித் திரும்பி எங்கள் விளையில் ஐந்து நாள் நின்றது. 40 முருங்கை அழுகிப்போனது. அந்த மழைக்கு ஓடை திறந்து கிடந்தாலும் தண்ணீர் ஏறியிருக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் ஐந்து நாள் நின்றிருக்காது.

அறிவியலைப் பற்றி நான் முதலில் கேட்டதற்கு ஐயாவும் அக்காவும் சொன்ன பதில் எனக்குப் போதும். பூமி சூடாவதைப் பற்றி இனி அந்தப் பொட்டலத்தை வைத்துப் பேச மாட்டேன். இந்த அரைப் பக்கத்தைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.


அம்பை நெல்லு

தம்பி, தண்ணீர் நின்ற படம் ஏதாவது கைப்பேசியில் இருக்கிறதா? தேதியோடு இருந்தால் எடுத்து வையுங்கள். உங்கள் பக்கத்தில் எந்த மழைமானி இருந்தது, அந்த ஐந்து நாளில் அது எவ்வளவு காட்டியது என்று நான் விசாரித்து எழுதித் தருகிறேன்.


வள்ளியூர் பேரேடு

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அ-பதிவேட்டையும் (எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும்) கிராம வரைபடத்தையும் பாருங்கள். அதில் ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால் அதன் குறுக்கே மண் கொட்ட யாருக்கும் உரிமை கிடையாது, குத்தகைக்கு எடுத்தவனுக்கும் கிடையாது. நகல் வாங்குங்கள். அக்கா தரும் மழைக் கணக்கு, படம், அந்த அரைப் பக்கம், அப்பா கேட்டதைக் கூட்டத்தில் இருந்து கேட்டவர்கள் இரண்டு பேர் கையெழுத்து, எல்லாவற்றையும் ஒரு மனுவோடு சேர்த்துக் கட்டுங்கள். குழாய்ப் பாலம் வேண்டும் என்று ஒன்றை மட்டும் கேளுங்கள்.

திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாள். பத்து மணிக்குள் வந்துவிடுங்கள், டோக்கன் போட வேண்டும். நானும் வருகிறேன்.